வண்டி நின்ற பிறகு செய்யும் தவறுகள்: திருகோணமலைக்கு ஓட்டி வருபவர்களுக்கு

ஜூலை, ஆகஸ்ட் விடுமுறைக்கு லண்டன், ரொறன்ரோ, பாரிஸ் என்று பல திசையிலிருந்தும் எங்கள் சனம் ஊருக்கு வருகிறது. சென்னையிலிருந்தும் வருகிறார்கள். முன்பெல்லாம் வானையும் சாரதியையும் சேர்த்தே பிடிப்பார்கள். இப்போது கட்டுநாயக்காவில் இறங்கிய கையோடு ஒரு காரை வாடகைக்கு எடுத்து, குருநாகல், தம்புள்ளை, ஹபரணை, கந்தளாய் வழியாகத் தாங்களே ஓட்டி வந்து சேர்கிறவர்களும் இருக்கிறார்கள். கோணேசர் கோயில், கன்னியா வெந்நீர்க் கிணறு, நிலாவெளி எல்லாம் முடிய, கிண்ணியா, மூதூர் பக்கமாக மட்டக்களப்புக்கு இறங்குவார்கள். இல்லாவிட்டால் புல்மோட்டை, முல்லைத்தீவு வழியே யாழ்ப்பாணம் ஏறுவார்கள். தீவு சின்னதுதான், ஆனால் இப்படிச் சுற்றினால் ஆயிரம் கிலோமீற்றர் சுலபமாகத் தாண்டிவிடும்.

இந்த ஓட்டத்தில் வண்டி எங்கேயாவது நின்றுபோவது அதிசயம் இல்லை. 2020 முதல் 2025 தொடக்கம் வரை வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டிருந்ததால் எங்கள் வீதிகளில் ஓடுபவற்றில் வயதான வண்டிகள் நிறைய. ஆனால் கராஜ் பாஸ்மாரோடு, அதாவது வண்டி திருத்துகிற மெக்கானிக்மாரோடு, கதைத்தால் ஒன்று புரியும்: ஹோஸ் பைப் ஒன்றோடு முடிய வேண்டிய வேலை, எஞ்சினின் மேல்பாகமான சிலிண்டர் ஹெட்டைக் கழற்றும் அளவுக்குப் போனதற்குக் காரணம் வண்டி இல்லை, ஓட்டியவரின் அவசரம். ஆகவே பழுதைத் தடுப்பது பற்றி இங்கே அதிகம் சொல்லப்போவதில்லை. பழுது வந்த பிறகு செய்யக்கூடாதவை பற்றித்தான் இது.

முதலில் கடதாசி விஷயத்தை முடித்துவிடுவோம். சர்வதேச அனுமதிப்பத்திரம் மட்டும் கையில் இருந்தால் இலங்கையில் ஓட்டலாம் என்று நினைப்பது தவறு. அதற்கு இங்கேயும் ஒரு அங்கீகாரம் எடுக்க வேண்டும். 2025 ஆகஸ்ட் முதல் கட்டுநாயக்க விமான நிலையத்திலேயே தற்காலிக சாரதி அனுமதிப்பத்திரம் கொடுக்கிறார்கள், வந்திறங்கும்போதே எடுத்துவிடுங்கள். இன்னொன்று, "நீ களைச்சுப்போனாய், மச்சான் ஓட்டட்டும்" என்று ஊர் மச்சானிடம் சாவியைக் கொடுப்பது. வாடகை ஒப்பந்தத்தில் அவர் பெயர் இல்லை என்றால், ஏதாவது நடந்தபின் காப்புறுதிக்காரரோடு பேச உங்களுக்கு வாயே இருக்காது.

சொந்த வண்டியோடு வருகிறவர்கள் மிகக் குறைவு. 2023 ஒக்டோபரில் தொடங்கிய நாகபட்டினம் - காங்கேசன்துறைக் கப்பல் பயணிகளை மட்டுமே ஏற்றுகிறது, வாகனம் ஏற்றுவதில்லை. கொள்கலனில் போட்டு, தற்காலிகமாக வண்டியை உள்ளே கொண்டுவர உதவும் கார்னே பத்திரத்தோடு கொண்டுவருகிறவர்கள் ஒன்றை மறக்கக்கூடாது: அந்த வண்டி திரும்ப வெளியே போகும் என்று சுங்கத்துக்கு உறுதி கொடுத்துத்தான் உள்ளே வந்திருக்கிறீர்கள். எஞ்சின் செத்துவிட்டது என்று ஒரு வளவில் விட்டுவிட்டு விமானம் ஏற முடியாது. தீர்வையைக் கட்டச் சொல்வார்கள்.

"கந்தளாய் வந்திடும் எண்டு ஓடினனான்"

எல்லாத் தவறுக்கும் மேலான தவறு இதுதான். ஆண்டின் நடுவில் எங்கள் பக்கம் கச்சான் காற்று அடிக்கும். ஈரமே இல்லாத, முகத்தைச் சுடுகிற காற்று. அந்த நேரம் ஐந்து பேரும், சூட்கேசும், ஏசி முழு வேகத்திலுமாக வருகிற சின்னக் காருக்கு மூச்சு முட்டும். பாஸ் கேட்பார்: "தம்பி, சூடு ஏறினதைப் பாத்தீங்களா இல்லையா?" பதில் அநேகமாக ஒன்றுதான். "பாத்தனான் அண்ணை, கந்தளாய் வந்திடும் எண்டு ஓடினனான்."

கந்தளாய் வந்திருக்கும். எஞ்சின் போயிருக்கும். இன்றைய எஞ்சின்களின் ஹெட் அலுமினியம். அளவுக்கு மிஞ்சிச் சூடானால் வளைந்துவிடும். வளைந்தால் அதற்கும் எஞ்சினுக்கும் இடையில் அடைத்திருக்கும் கேஸ்கட் பிடிக்காது, தண்ணீரும் ஒயிலும் கலக்கும். ஒயில் மூடியைத் திறந்தால் பால் தேத்தண்ணீர் நிறத்தில் நுரை, பின்னால் வெள்ளைப் புகை. அதற்குப் பிறகு அது வீதியோரத்து வேலை இல்லை.

டொயோட்டா அக்குவா மாதிரிக் கார்களில் வெப்பம் காட்டும் ஊசியே இல்லை. எஞ்சின் குளிராக இருந்தால் நீல விளக்கு, கொதித்தால் சிவப்பு விளக்கு, அவ்வளவுதான். சிவப்பு எரிந்தால் அது எச்சரிக்கை இல்லை, எல்லை தாண்டியாயிற்று என்று அர்த்தம். ஊசி உள்ள வண்டிகளில் வேறொரு ஏமாற்று உண்டு. உச்சிக்குப் போன ஊசி திடீரென்று கீழே விழும். "அப்பாடா, குளிர்ந்துவிட்டது" என்று சிலர் மகிழ்ந்துபோய் மிதிப்பார்கள். தண்ணீர் முழுவதும் ஒழுகிப்போய், அதை அளக்கும் சென்சர் வெறும் காற்றில் நின்றாலும் ஊசி அப்படி விழும்.

சூடு ஏறத் தொடங்கியதும் ஏசியை நிறுத்துங்கள். ஹீட்டரை முழுதாகத் திறந்து கண்ணாடிகளை இறக்குங்கள். உள்ளே அவியும், ஆனால் எஞ்சினின் சூட்டில் ஒரு பங்கை அது வெளியே எடுக்கும். பிறகு முதல் கிடைக்கிற பாதுகாப்பான இடத்தில் ஒதுக்கி எஞ்சினை நிறுத்துங்கள்.

அடுத்த தவறு அங்கேதான் நடக்கும். இறங்கிய வேகத்தில் ரேடியேற்றர் மூடியைத் திருகுவது. உள்ளே தண்ணீர் அழுத்தத்தில் இருப்பதால் நூறு பாகைக்கு மேலும் கொதிக்காமல் அடங்கிக் கிடக்கும். மூடி தளர்ந்த நொடியில் ஆவியாகி முகத்துக்கு அடிக்கும். அரை மணி நேரமாவது விடுங்கள், முடிந்தால் அதற்கு மேலும். மேல் ஹோசைத் துணியால் பிடித்து அழுத்திப் பாருங்கள். விறைப்பாக இருந்தால் இன்னும் நேரம் வரவில்லை. பிறகும் துணியைப் போட்டு, மெதுவாக, முகத்தை விலக்கித் திறக்க வேண்டும்.

தண்ணீர் ஊற்றுவதிலும் பதற்றம் வேண்டாம். கொதிக்கும் எஞ்சினில் குளிர்தண்ணீரை ஒரேயடியாகக் கவிழ்த்தால் உலோகம் வெடிக்கலாம். ஆறிய பிறகு, கொஞ்சம் கொஞ்சமாக. குடிக்கிற போத்தல் தண்ணீர் போதும், கராஜுக்குப் போனதும் கழுவி கூலன்ட் போட்டுக்கொள்ளலாம். ஆனால் எங்கள் கரையோரத்தில் கைக்கெட்டும் தூரத்தில் தெரிகிற தண்ணீர் எல்லாம் தண்ணீர் இல்லை. கிண்ணியாவிலும் இறக்கக்கண்டியிலும் பாலத்துக்குக் கீழே தெரிவது உப்புநீர். அதை ரேடியேற்றரில் ஊற்றினால் உள்ளே துரு தின்னத் தொடங்கிவிடும். பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டுங்கள். கிணற்றுத் தண்ணீர் தராத வீடு இந்தப் பக்கத்தில் இல்லை, தேத்தண்ணீரும் சேர்ந்தே வரும்.

இருட்டில் காட்டுப்பாதை

ஹபரணையிலிருந்து திருகோணமலை சுமார் 85 கிலோமீற்றர். அதில் கந்தளாய்க்கு வரும்வரை கல்லோயா, அக்போபுர பக்கம் காட்டை ஒட்டியே வீதி போகிறது. மின்னேரியா, கவுடுல்லப் பக்கத்து யானைகளுக்கு அதுவும் அவற்றின் வழிதான். விமானம் மாலையில் இறங்கியது, இரவோடு இரவாக ஊர் சேருவோம் என்று இந்தத் துண்டை நள்ளிரவில் ஓட்டுவதே என் கணக்கில் ஒரு தவறு. தம்புள்ளையிலோ ஹபரணையிலோ படுத்து விடியப் புறப்பட்டால் என்ன குறைந்துபோகும்?

சரி, ஓட்டியாயிற்று, நின்றும்விட்டது. அப்போது ஆண்கள் எல்லாரும் இறங்கி, பொனற்றைத் திறந்து, கைத்தொலைபேசி வெளிச்சத்தில் கூட்டமாக நின்று பார்ப்பார்கள். பகலில் வீதியோரம் நின்றால் எல்லாரும் வண்டியை விட்டு இறங்கி ஓரமாகத் தள்ளி நிற்பது சரி, பின்னால் வரும் லொறி மோதினாலும் ஆள் தப்பும். யானை நடமாடும் இடத்தில், இரவில், அது தலைகீழ். நடுவீதியில் நிற்கவில்லை என்றால் உள்ளேயே இருங்கள். நான்கு சிக்னல் விளக்கையும் போடுங்கள். யானை தெரிந்தால் ஹோர்ன் அடிப்பதும், பெரிய வெளிச்சத்தை அடித்து அடித்து அணைப்பதும், படம் எடுக்க இறங்குவதும் வேண்டாம். தம்புள்ளையில் மலிவு என்று வாங்கிய வாழைக்குலையும் அன்னாசியும் பின் சீற்றில் மணத்துக்கொண்டிருந்தால், கண்ணாடியையாவது இறுக்கி மூடி வையுங்கள்.

உதவி கேட்கும்போது "ஒரு காட்டுக்குள்ள நிக்கிறம்" என்றால் யாருக்கும் விளங்காது. வீதியோரத்துக் கிலோமீற்றர் கல்லில் உள்ள எண்ணையும் கடைசியாகத் தாண்டிய ஊரையும் சொல்லுங்கள். சிக்னல் இருக்கும்போதே வாட்ஸ்அப்பில் இருப்பிடத்தை ஊரில் ஒருவருக்கு அனுப்பிவிடுங்கள், ஐந்து நிமிடம் கழித்து அது இல்லாமல் போகலாம். பொலிஸ் 119, இலவச அம்புலன்ஸ் 1990, சுற்றுலாப் பயணிகளுக்கான இலக்கம் 1912. இவற்றைத் தொலைபேசியில் மட்டும் இல்லாமல் ஒரு துண்டிலும் எழுதி வையுங்கள், பற்றரி தீர்வதும் அதே இரவில்தான்.

கயிறு கட்டி இழுப்பது

எங்கள் ஆட்களின் நல்ல மனதால் வரும் கேடு இது. ட்ரக்டர்காரர் ஒருவர் நிறுத்துவார், கயிறு கட்டுவார், "வாங்க, கராஜில விடுறன்" என்பார். மனுவல் கியர் வண்டி என்றால், கொஞ்சத் தூரம், மெதுவாக, பரவாயில்லை. ஓட்டோ கியர் வண்டியை இழுத்தால் எஞ்சின் ஓடாமல் கியர்பொக்சுக்குள் ஒயில் சுற்றாது. உள்ளே தேய்ந்துகொண்டே வரும். ஹைபிரிட் இன்னும் மோசம். முன்சக்கரம் உருண்டால் உள்ளே இருக்கும் மோட்டரும் சுழன்று மின்சாரம் உண்டாக்கும். இவற்றைக் கெரியரில், அதாவது வண்டி ஏற்றும் லொறியில், ஏற்றித்தான் கொண்டுபோக வேண்டும். வரும்வரை காத்திருங்கள், ட்ரக்டர் அண்ணனுக்கு நன்றி சொல்லி ஒரு சோடா வாங்கிக் கொடுங்கள். தள்ளி ஸ்டார்ட் பண்ணுவதும் ஓட்டோ கியரில் நடக்காது, தள்ளியவர்களின் மூச்சுத்தான் மிச்சம்.

ஹைபிரிட் பற்றி இன்னொன்று. அக்குவா, பிறியஸ் வண்டிகளில் பின் சீற் பக்கத்தில் ஒரு காற்றுத் துவாரம் இருக்கும். பெரிய பற்றரிக்குக் குளிர்காற்று அதனூடாகத்தான் போகிறது. அதன் மேல் ஜக்கற், பொலித்தீன் பை, பிள்ளையின் தலையணை என்று அடைத்துவிட்டு, எச்சரிக்கை விளக்கு எரிந்ததும் "பற்றரி போச்சு" என்று அலறுவார்கள். முதலில் அந்த இடத்தைத் துப்புரவாக்கி, வண்டியை ஆறவிட்டுப் பாருங்கள். செம்மஞ்சள் நிற வயர்களை மட்டும் நீங்களும் தொடவேண்டாம், தெரியாத ஆளையும் தொடவிட வேண்டாம். உயர் அழுத்த மின்சாரம் அது.

ரயரும் மணலும்

வாடகை எடுக்கும்போதே மேலதிக ரயரை அழுத்திப் பார்க்காதவர்கள் அதைக் காற்றில்லாமல் காண்பது பஞ்சரான அன்றைக்குத்தான். ரயரின் பக்கத்தில் நான்கு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது கிழமையில் செய்தது. கனகாலத்து ரயர், குறைந்த காற்று, கச்சான் வெயில் மூன்றும் சேர்ந்தால் வெடிக்கும்.

மாற்றும்போது நட்டுகளை முதலில் தரையில் வைத்தே தளர்த்த வேண்டும், ஜக் அடித்துத் தூக்கிய பிறகு இல்லை. மணல் ஓரத்தில் ஜக்குக்குக் கீழே பலகைத் துண்டு வையுங்கள். கடற்கரைக்குள் காரை இறக்கிப் படம் எடுக்க நினைப்பவர்களுக்கு: குச்சவெளியிலும் நிலாவெளியிலும் மணல் மேலே இறுகியது போலத் தெரியும், கீழே ஈரம். புதைந்ததும் அக்சிலேற்றரை மிதிக்க மிதிக்கச் சக்கரம் தனக்கே குழி தோண்டும். நிறுத்துங்கள், ஆட்களை இறக்குங்கள், ரயரில் கொஞ்சம் காற்றை விடுங்கள், கையால் மணலை வாரி ஓலை போடுங்கள். மேலே வந்ததும் காற்றை நிரப்ப மறக்கக்கூடாது.

மாரியில் வருகிறவர்களுக்கு ஒரு வரி: வெள்ளத்தில் நின்ற எஞ்சினைத் திரும்ப ஸ்டார்ட் பண்ணவே வேண்டாம். சிலிண்டருக்குள் தண்ணீர் போயிருந்தால் உள்ளே பிஸ்டனைத் தாங்கும் கம்பி வளைந்துவிடும்.

கராஜில்

உரிமையாளருக்குச் சொல்லாமல் வண்டியைத் திறக்கவிடுவது பலர் செய்யும் தவறு. வாடகை வண்டி உங்களுடையது இல்லை. முதலில் அவருக்கு எடுத்து, பாஸின் கையில் தொலைபேசியைக் கொடுத்து, இருவரும் நேரே கதைக்கட்டும். எது பழுது, எவ்வளவு, யார் கட்டுவது என்பதை வாட்ஸ்அப்பில் எழுத்தாக வாங்கிக்கொள்ளுங்கள்.

நாளையும் பாருங்கள். வெள்ளிக்கிழமை நடுப்பகலில் கிண்ணியாவிலும் மூதூரிலும் கராஜ்காரர் ஜும்ஆவுக்குப் போய்விடுவார், நின்று நெருக்குவதில் பயனில்லை. ஞாயிற்றுக்கிழமையிலும் போயா எனும் பௌர்ணமி விடுமுறை நாளிலும் பாஸ் கிடைத்தாலும் பாகம் விற்கிற கடை திறந்திருக்காமல் போகலாம். ஏப்ரல் 13, 14 புத்தாண்டையொட்டிச் சில நாட்களுக்கு வேலையாட்களே ஊருக்குப் போயிருப்பார்கள். பாகம் கொழும்பிலிருந்து பஸ்ஸில் வர வேண்டும் என்றால் அடுத்த நாள்தான். அதற்காகப் பயணத்தைக் குலைக்காமல், வண்டியை அங்கேயே விட்டுவிட்டு பஸ்ஸிலோ ரயிலிலோ அடுத்த இடத்தைப் பார்த்துவிட்டு வரலாம். இதைச் சொன்னால் வெளிநாட்டிலிருந்து வந்தவர்கள் ஏனோ ஏற்கமாட்டார்கள், கராஜ் வாசலிலேயே கதிரை போட்டு உட்கார்ந்து மூன்று பேரின் விடுமுறையை வீணாக்குவார்கள்.

வேலை முடிந்ததும் பில்லில் வண்டி இலக்கம், திகதி, மாற்றிய பாகத்தின் பெயர் மூன்றும் இருக்கிறதா என்று பாருங்கள். கழற்றிய பழைய பாகத்தை ஒரு பையில் போட்டு வாங்கி டிக்கியில் வையுங்கள். கட்டுநாயக்காவில் வண்டியை ஒப்படைத்து முற்பணத்தைத் திரும்பக் கேட்கும்போது, பில்லையும் பாகத்தையும் மேசையில் வைத்தால் அங்கே கதை குறையும்.