பெர்சபோலிஸ் போகிறீர்களா? பின்னாலுள்ள குன்றில் ஏற மறக்காதீர்கள்

ஈரானில் பழைய பாரசீகப் பேரரசின் தலைநகர இடிபாடுகளான பெர்சபோலிஸ் பார்க்க ஷிராஸ் நகரில் தங்குவதே வசதி. சுமார் 60 கி.மீ. தூரம், டாக்சி பேசிக்கொள்ளலாம். காலையில் கதவு திறக்கும்போதே போய்விடுங்கள்; இடிபாடுகள் நிற்கும் கல்மேடை முழுக்க வெட்டவெளி, நிழல் கிடையாது.

பலரும் நுழைவாயிலில் படம் எடுப்பதிலேயே நேரத்தைக் கழித்துவிடுகிறார்கள். அபதானா என்ற அரசவை மண்டபத்தின் கிழக்குப் படிக்கட்டுக்கு ஒரு மணி நேரமாவது ஒதுக்குங்கள். மன்னருக்குக் காணிக்கை கொண்டுவரும் 23 நாட்டுக் குழுக்கள் அங்கே வரிசையாகச் செதுக்கப்பட்டிருக்கின்றன. அதில் இந்தியக் குழுவைத் தேடிப் பாருங்கள்: வெற்று மார்போடு, இடுப்பில் வேட்டி மாதிரி ஒரு துணி, தோளில் காவடி போலக் கூடைகள், கூடவே ஒரு கழுதை. சிங்கம் எருதைக் கடிக்கும் சிற்பமும் இதே படிக்கட்டில்தான்.

அப்புறம், பின்னாலுள்ள குன்றில் ஏறுங்கள். அங்கே பாறையில் குடைந்த அரச கல்லறை இருக்கிறது. அங்கிருந்து பார்த்தால்தான் கி.மு. 330-இல் அலெக்சாந்தர் காலத்தில் எரிந்த அரண்மனையின் முழு அமைப்பும் புரியும்.

டாக்சியை அனுப்பிவிடாமல், பக்கத்திலேயே இருக்கும் நக்ஷ்-எ-ரோஸ்தமையும் சேர்த்தே பேசுங்கள். பாரசீக மன்னர் முதலாம் டேரியஸின் கல்லறை அங்கேதான்.

பணம் ரொக்கமாக வேண்டும். நம் விசா, மாஸ்டர் கார்டுகள் அங்கே செல்லாது. கடைக்காரர் 'தோமான்' என்று விலை சொன்னால் பத்தால் பெருக்குங்கள், அதுதான் ரியால். பெண்களுக்குத் தலைத்துணி சட்டப்படி கட்டாயம். டிக்கெட் போடுமுன் வெளியுறவு அமைச்சகத்தின் பயண அறிவுரையையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.