எந்தப் பின்? ஒரே சொல்லால் வரும் தவறுகள்

"பின் சொல்லுங்க" என்று கேட்டவுடன் வாயில் வருகிற எண்ணைச் சொல்லிவிடுவதுதான் முதல் தவறு. தபால் பின்னா, ஏடிஎம் பின்னா, யுபிஐ பின்னா என்று திருப்பிக் கேளுங்கள். கூரியர்காரருக்குத் தேவை முதலாவது மட்டும். மற்ற இரண்டும் வங்கிக்காரருக்கே சொல்லக்கூடாதவை.

தபால் பின்கோடு 1972 ஆகஸ்ட் 15-இல் வந்தது. ஆறு இலக்கம். தமிழ்நாடும் கேரளாவும் 6-இல் தொடங்கும், ஆந்திரா 5-இல். முதல் மூன்று இலக்கங்கள் கடிதங்களைப் பிரிக்கும் மாவட்டத்தைக் காட்டும்: கோவைக்கு 641, பாலக்காட்டுக்கு 678. கடைசி மூன்றும் பட்டுவாடா செய்யும் தபால் ஆபீஸைக் குறிக்கும்.

தமிழ்நாடு-கேரள எல்லைப் பக்கத்தில் அதிகம் அடிபடுவது சித்தூர்தான். பாலக்காட்டுச் சித்தூர் 678101, ஆந்திரச் சித்தூர் 517001. தமிழில் எழுதினால் இரண்டும் ஒன்றே. போனில் தேடி முதலில் வந்த எண்ணைப் போட்டுவிட்டு, கீழே 'கேரளா' என்று எழுதினால் போதும் என்று நினைக்காதீர்கள். பிரிக்கும் இடத்தில் கண் முதலில் போவது எண்ணுக்குத்தான். பார்சல் ஆந்திரா பார்த்துவிட்டு வரும். கூடலூரும் அப்படித்தான்: நீலகிரியில் ஒன்று, கம்பத்துக்குப் பக்கத்தில் ஒன்று. இன்னொன்று, பின்கோடு ஊருக்கோ பஞ்சாயத்துக்கோ உரியதல்ல, தபால் ஆபீஸுக்கு உரியது. கேரள முகவரியில் வீட்டுப் பெயருக்கு அடுத்து வரும் 'போஸ்ட்' எதுவோ, அதன் எண்ணைத்தான் போட வேண்டும். டவுன் எண்ணை அல்ல.

2025-இல் தபால் துறை கொண்டுவந்த டிஜிபின் வேறு. எழுத்தும் எண்ணும் கலந்த பத்து குறிகள், சுமார் 4 மீட்டருக்கு 4 மீட்டர் இடத்தைச் சுட்டும். பின்கோடு கேட்கும் ஆறு கட்டத்தில் அதை எழுத முடியாது.

யுபிஐ பின் நாலோ ஆறோ இலக்கம். ஆறு என்றதும் மறக்காமல் இருக்க ஊர்ப் பின்கோட்டையே வைப்பவர்கள் உண்டு. ஆதார் அட்டை முகவரியிலேயே அச்சிட்டிருக்கும் எண்ணை ரகசியம் என்று யார் சொல்வார்? பிறந்த வருஷமும் அதே கதைதான். பணம் அனுப்பவும் இருப்புப் பார்க்கவும்தான் இந்தப் பின் வேண்டும். "பணம் வரணும்னா பின் போடுங்க" என்றால் அது ஏமாற்று, போனை வைத்துவிடுங்கள்.

சிம்முக்குப் பூட்டாக வைக்கும் சிம் பின்னை மூன்று முறை தப்பாகப் போட்டால் சிம் பூட்டிக்கொள்ளும். திறக்க எட்டு இலக்கப் பியூகே எண் வேண்டும். நம்பர் யார் பேரில் இருக்கிறதோ அவர் சிம் கம்பெனியில் கேட்டு வாங்கலாம். அதையும் ஊகித்துப் பத்து முறை தவறவிட்டால் சிம் செத்தது, புது சிம்தான்.

கடைசியாக, நிஜமான பின். செக்கோடு சலானைச் சேர்த்துக் கீழ் ஓரத்தில் பின் அடிக்காதீர்கள். அந்த வெள்ளைப் பட்டையில் உள்ள காந்த மை எண்களை மெஷின் படிக்க வேண்டும். கிளிப் போதும்.