தனியே இயங்கிய உளவளத்துணையாளருக்கு ஒரு வழிகாட்டி

இலங்கையின் மலையக நகரான ஹற்றனில் தனியாக உளவளத்துணைப் (கவுன்சலிங்) பணியைத் தொடங்கிய முதல் ஆண்டில், என்னிடம் வந்தவர்களுள் பலர் இரண்டாம் சந்திப்புக்குப் பின் வரவில்லை. அவர்களின் துயரமோ இரவிலும் என்னைத் தூங்கவிடவில்லை. இறுதியில், கண்டியிலுள்ள மூத்த உளவளத்துணையாளர் ஒருவரை வழிகாட்டியாக ஏற்று, மாதம் இருமுறை ரயிலேறிச் சென்றேன்.

பெயரையும் தோட்டத்தையும் தவிர்த்து, ஒரு சந்திப்பில் பேசியதை நினைவிலிருந்து வரிவரியாக எழுதிவருமாறு அந்த அம்மையார் பணித்தார். கொழுந்து பறிக்கும் தாய் ஒருவர், தேயிலைக் கறை படிந்த விரல்களால் சேலை முந்தானையை முறுக்கியபடி மௌனமானதையும், அந்த மௌனத்தைத் தாங்க முடியாமல் நான் உடனே அறிவுரை கூறியதையும் எழுதியிருந்தேன்.

"அந்த இடத்தில் உங்களுக்கு என்ன பயம், தம்பி?" என்று அம்மையார் கேட்டார்.

விடை காண எனக்கு மூன்று சந்திப்புகள் தேவைப்பட்டன. தோட்டத் தொழிலாளர் குடியிருப்பான லயத்தில் வளர்ந்த எனக்கு, அந்தத் தாயின் கதை என் அம்மாவின் கதையாகவே கேட்டிருந்தது. இதனை நான் தனியாக ஒருபோதும் கண்டறிந்திருக்க மாட்டேன். எவரைத் தாமதமின்றி வைத்தியசாலைக்கு அனுப்ப வேண்டும், தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற தொலைபேசி இலக்கத்தை எப்போது கொடுக்க வேண்டும் என்பவற்றையும் அந்த அம்மையாரிடமே தெளிவாகக் கற்றேன்.

அந்தத் தாய் மீண்டும் வந்து மௌனமானபோது, நான் காத்திருந்தேன். நெடுநேரம் கழித்து அவர் முந்தானையை விடுவித்து, தாமாகவே பேசத் தொடங்கினார்.