பார்க்காமலே பழைய மோட்டார்ஹோம் வாங்கப் போகிறீர்களா? முதலில் ஒரு மூக்கை அனுப்புங்கள்

அமெரிக்காவில் பழைய மோட்டார்ஹோம், அதாவது உள்ளேயே படுக்கை, சமையலறை, கழிவறை உள்ள வீட்டு வண்டி, தேடுகிற எல்லோருக்கும் ஒரு கட்டத்தில் இந்தச் சபலம் வந்துவிடும். பக்கத்தில் நல்ல வண்டி எதுவும் கிடைக்காது, கிடைப்பதும் விலை அதிகம். ஆனால் ஆர்.வி. எனப்படும் இந்த வகை வண்டிகளை விற்கும் ஆர்.வி. டிரேடர் தளத்திலோ ஃபேஸ்புக் மார்க்கெட்பிளேஸிலோ தேடினால் எங்கோ அரிசோனாவில் ஒன்று நிற்கும், நாற்பது படம் போட்டிருப்பார்கள், எல்லாம் பளபளவென்று இருக்கும், விலையும் கைக்கு எட்டுகிற மாதிரி இருக்கும். போன் செய்தால் டீலர் தேனாகப் பேசுவார். "இன்னொருத்தரும் கேட்டிருக்கிறார், முன்பணம் போட்டுவிட்டால் உங்களுக்காக நிறுத்தி வைக்கிறேன்" என்பார். ஒஹையோவில் உட்கார்ந்துகொண்டு நானும் அப்படித்தான் பணத்தைப் போட்டேன்.

லாரியில் வந்து இறங்கியது 2006 மாடல் கிளாஸ் சி வண்டி. ஃபோர்டு இ-450 முகப்பு, டிரைவர் தலைக்கு மேல் ஒரு படுக்கை இருக்குமே, அந்த வகை. வெளியில் பார்க்கப் படத்தில் இருந்த மாதிரியேதான் இருந்தது. கதவைத் திறந்தேன். நனைந்த பாயைச் சுருட்டி மூலையில் வைத்து ஒரு வாரம் கழித்து விரித்தால் வருமே, அந்த வாடை. மேல் படுக்கையில் மெத்தையைத் தூக்கிவிட்டு முன்பக்க மூலையில் கட்டை விரலால் அழுத்தினேன், விரல் உள்ளே போய்விட்டது. மரம் இருந்த இடத்தில் ஊறிய ரொட்டி மாதிரி ஏதோ இருந்தது. விளம்பரத்தில் "பாலைவனத்து வண்டி" என்று, அதாவது மழை படாதது என்கிற அர்த்தத்தில், போட்டிருந்ததைப் பொய் என்றும் சொல்ல முடியாது, கடைசி எட்டு மாதம் அது அரிசோனாவில்தான் நின்றிருக்கிறது. அதற்கு முன்னால் பத்துப் பன்னிரண்டு வருடம் ஓரிகானில் மழையில் நின்ற கதை, சில டாலர் கொடுத்து வண்டியின் வரலாற்று அறிக்கை எடுத்திருந்தால் முன்பே தெரிந்திருக்கும். நான் எடுத்தேன், வாங்கியதற்கு அப்புறம்.

இதையெல்லாம் எழுதுவது யாரையும் பயமுறுத்துவதற்காக அல்ல. தூரத்திலிருந்து வாங்கி நிம்மதியாக ஓட்டுகிறவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். நமக்குப் பதிலாக யாரோ ஒருவரின் கண்ணும் கையும் மூக்கும் அங்கே போயிருக்க வேண்டும், அவ்வளவுதான்.

தண்ணீர்தான் முதல் எதிரி

பழைய காரில் எஞ்சின் போனால் வேறு எஞ்சின் வைக்கலாம். மோட்டார்ஹோம் என்பது லாரியின் அடிச்சட்டத்தில் உட்கார்ந்திருக்கும் மெல்லிய மரவீடு. பல வண்டிகளில் சுவர் என்பது காகிதக் கனத்து லுவான் பிளைவுட்டில் ஃபைபர்கிளாஸ் ஒட்டியது, நடுவில் ஃபோம். கூரையில் ஏசி, காற்றுப் போக்கி, ஆன்டெனா என்று எத்தனை ஓட்டை போட்டிருக்கிறார்களோ அத்தனையையும் சுற்றிப் பசைபோன்ற சீலன்ட் அடித்திருப்பார்கள். அது வெயிலில் வெடிக்கும், வருடத்துக்கு ஒரு முறையாவது ஏறிப் பார்த்துப் பூசவேண்டும். பூசாமல் விட்டால் ஊசி நுழையும் இடத்தில் நீர் இறங்கி, பிளைவுட்டுக்குள்ளேயே ஓடி, ஆறு அடி தள்ளி எங்கோ ஓதம் காக்கும். ஓட்டை ஒரு பக்கம் இருக்கும், அழுகல் இன்னொரு பக்கம் இருக்கும்.

பசை விட்டுப்போன சுவர் வெளிப்பக்கம் உப்பிக்கொண்டு வரும், டிலாமினேஷன் என்பார்கள். இது நடு மத்தியானத்தில் நேருக்கு நேர் எடுத்த படத்தில் தெரியவே தெரியாது. சுவரோடு சுவராகக் கன்னத்தை வைத்து நீளவாக்கில் பார்த்தாலோ, ராத்திரி டார்ச்சை சுவருக்கு ஒட்டிப் பிடித்து அடித்தாலோ அலை அலையாகத் தெரியும். விற்பவரிடம் அந்தப் படம்தான் கேட்கவேண்டும். நல்ல வண்டி வைத்திருப்பவர் சலித்துக்கொண்டாலும் எடுத்து அனுப்புவார். சாக்குச் சொல்கிறவரை அப்படியே விட்டுவிடுங்கள், இதில் எனக்கு இரக்கமே கிடையாது.

கிளாஸ் சி வண்டியில் அந்தத் தலைக்கு மேல் படுக்கையின் முன்பக்கம்தான் பிரசித்தி பெற்ற ஒழுகுமிடம், அதிலும் அங்கே ஒரு ஜன்னல் இருந்துவிட்டால் கேட்கவே வேண்டாம். ஸ்லைடு-அவுட் (நிறுத்திய பிறகு பக்கவாட்டில் வெளியே நீளும் அறைப் பகுதி) உள்ள வண்டி என்றால் அது நகரும் தரையின் கீழ் மூலைகள். மேல் அலமாரிகளின் உள்பக்க மூலைகள். குளியலறைக் கூரை. அறையை அழகாகக் காட்டும் படங்களில் இதெல்லாம் வராது.

வீடியோ அழைப்பில் என்ன கேட்கலாம்

வெட்டி ஒட்டிய குட்டிக் குட்டி வீடியோக்களை வாங்கிக்கொள்ளாதீர்கள். நேரலையில், நிறுத்தாமல், நீங்கள் சொல்லுகிற இடத்துக்கு அவர் போகவேண்டும். எஞ்சினை அன்றைக்கு ஸ்டார்ட் செய்து வைக்கக் கூடாது என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். குளிர்ந்த எஞ்சின் கிளம்பும் சத்தமும் அப்போது வரும் புகையின் நிறமும் சூடான எஞ்சின் சொல்லாததைச் சொல்லும். ஃபிரிட்ஜை மட்டும் முந்தின நாளே போடச் சொல்லுங்கள். ஏனென்றால் பழைய மோட்டார்ஹோம்களில் இருப்பது பெரும்பாலும் அம்மோனியாவில் ஓடும் அப்சார்ப்ஷன் வகை, அது குளிர்ந்துவரப் பல மணி நேரம் பிடிக்கும், "இப்பத்தான் சார் போட்டேன், கொஞ்ச நேரத்தில் குளிரும்" என்று தப்பித்துவிடலாம். வண்டிக்கு வெளிப்பக்கம் ஃபிரிட்ஜுக்குப் பின்னால் ஒரு சின்னக் கதவு இருக்கும், அதைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். குழாய்களில் மஞ்சள் பொடி படிந்திருந்தால் குளிரூட்டும் பகுதி கசிந்து முடிந்துவிட்டது என்று அர்த்தம், அதை மாற்ற ஆயிரம் டாலருக்கு மேல் ஆகும்.

அப்புறம் டயர். தரையில் பட்டுத் தேயும் பூ நன்றாக இருக்கிறது என்று படம் அனுப்புவார்கள், அதில் பிரயோஜனம் இல்லை. மோட்டார்ஹோம் வருடத்தில் பாதிக்கு மேல் நின்றுகொண்டே இருக்கிற வண்டி, அதன் டயர் தேய்ந்து சாவதைவிட வயதாகிச் சாவதுதான் அதிகம். பக்கவாட்டில் டாட் (DOT) என்று தொடங்கும் எழுத்து வரிசையின் கடைசி நான்கு இலக்கங்களைக் காட்டச் சொல்லுங்கள். 2316 என்றிருந்தால் 2016ஆம் வருடம் 23ஆவது வாரம் செய்த டயர். ஆறு டயரையும் பார்க்கவேண்டும், பின்னால் ஜோடியாக இருப்பதில் உள் டயரையும் சேர்த்து. ஏழெட்டு வயது தாண்டியிருந்தால் மொத்த செட்டின் விலையைப் பேசும் விலையிலிருந்து கழித்துவிடுங்கள். நெடுஞ்சாலையில் பின் டயர் வெடித்தால் டயரோடு போகாது, மேலே இருக்கிற தரையையும் குழாயையும் கிழித்துக்கொண்டு போகும்.

குறைந்த மைலைப் பார்த்து மயங்குவது இன்னொன்று. பதினெட்டு வருட வண்டி, 19,000 மைல்தான் ஓடியிருக்கிறது என்றால் காரில் அது அதிர்ஷ்டம். இதில் எனக்குச் சந்தேகம்தான் வரும். ஓடாமல் நின்ற வண்டியில் ரப்பர் எல்லாம் காய்ந்து வெடித்திருக்கும், வண்டியிலேயே இருக்கும் ஜெனரேட்டரின் கார்பரேட்டரில் பழைய பெட்ரோல் பிசினாக உறைந்திருக்கும். ஜெனரேட்டரை மாதம் ஒரு முறை ஏசி மாதிரி ஏதாவது சுமை கொடுத்து ஓடவிட வேண்டும், யாரும் செய்வதில்லை. அதில் மணிக்கணக்கு காட்டும் மீட்டர் இருக்கும், அதையும் பாருங்கள். ஏசியை ஜெனரேட்டரில் ஒரு அரை மணி நேரம் ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள்.

வடக்கு மாநிலங்களில் குளிர்காலத்தில் விற்கும் வண்டிக்கு ஒரு தனிப் பொறி இருக்கிறது. குழாயெல்லாம் உறையாமல் இருக்க இளஞ்சிவப்பு ஆன்டிஃப்ரீஸ் ஏற்றி வைத்திருப்பார்கள், "இப்போது தண்ணீர் விட்டுக் காட்ட முடியாது" என்பார்கள். சொல்வது நியாயம்தான். ஆனால் போன குளிர்காலத்தில் அதை ஏற்ற மறந்திருந்து உள்ளே குழாய் வெடித்திருந்தால் ஏப்ரல் மாதம் உங்கள் வாசலில்தான் தெரியவரும். ஒன்று, ஆன்டிஃப்ரீஸை வெளியேற்றித் தண்ணீர் ஏற்றிக் காட்டுவதற்குக் காசு கொடுங்கள், இல்லை குழாய் வேலைக்கு ஒரு தொகையை விலையில் குறைத்துக் கேளுங்கள்.

காகிதம்

வின் நம்பர் என்கிற வண்டியின் அடையாள எண்ணைக் கேட்டு வாங்குவதுதான் முதல் வேலை, கொடுக்கத் தயங்கினால் பேச்சு அங்கேயே முடிந்தது. காப்பீட்டுத் துறையின் என்.ஐ.சி.பி. தளத்தில் திருட்டு வண்டியா, சேதமான வண்டி என்று பதிவாகியிருக்கிறதா என்று இலவசமாகவே பார்க்கலாம். கூடவே என்.எம்.வி.டி.ஐ.எஸ். என்ற தேசிய டைட்டில் (வண்டியின் உரிமைப் பத்திரம்) பதிவேட்டிலிருந்து அறிக்கை எடுங்கள், செலவு சில டாலர்தான். எந்தெந்த மாநிலத்தில் டைட்டில் இருந்தது, வெள்ளத்தில் மூழ்கியதா, பெரிய சேதத்தால் கழித்துக் கட்டியதற்கான சால்வேஜ் முத்திரை விழுந்ததா என்பது அதில் வரும். 2017இல் டெக்சஸில் ஹார்வி, 2022இல் ஃபுளோரிடாவில் இயன் என்று ஒவ்வொரு புயலுக்குப் பின்னாலும் மூழ்கிய வண்டிகள் வேறு மாநிலத்தில் புது டைட்டிலோடு கழுவித் துடைத்து வந்து நிற்கும். அறிக்கை சுத்தமாக இருந்தால் வண்டியும் சுத்தம் என்று நினைத்துவிடக் கூடாது, காப்பீடே இல்லாத வண்டி மூழ்கினால் யாரும் பதிவு செய்யமாட்டார்கள்.

டைட்டிலில் இருக்கும் பெயரும் விற்பவரின் அடையாள அட்டையில் இருக்கும் பெயரும் ஒன்றாக இருக்கவேண்டும். வங்கிக் கடன் பாக்கி இருந்தால் பணத்தை அந்த வங்கிக்கே நேராகக் கட்டி விடுவிப்புக் கடிதம் வாங்குங்கள். குறையுள்ள வண்டிகளைக் கம்பெனியே அழைத்துச் சரிசெய்து தரும் ரீகால் விஷயத்தில் ஒரு சின்ன நுணுக்கம் இருக்கிறது, இதில் வண்டி ஒன்று, தயாரிப்பாளர் இரண்டு. அடிச்சட்டம் ஃபோர்டு, மேலே வீடு கட்டியது வேறு கம்பெனி. இரண்டு பேரிடமும் தனித்தனியாக விசாரிக்கவேண்டும். அடிச்சட்டத்தின் மாடல் வருடம் வீட்டின் வருடத்தைவிட ஒன்று குறைவாக இருப்பதும் சகஜம், அதைப் பார்த்து மோசடி என்று கலவரப்பட வேண்டாம்.

இன்ஸ்பெக்டரை அனுப்புவது

சந்தையில் மாடு பிடிக்கிறவர் பல்லைப் பார்க்காமல் கயிற்றைக் கையில் வாங்கமாட்டார். தூரத்தில் இருக்கிறோம் என்றால் பல் பார்க்கத் தெரிந்த ஒருவரைக் கூலிக்குப் பிடிக்கவேண்டும். என்.ஆர்.வி.ஐ.ஏ. என்ற ஆர்.வி. இன்ஸ்பெக்டர்கள் சங்கத்தின் தளத்தில் இடவாரியாகத் தேடலாம். வண்டியின் அளவையும் எவ்வளவு ஆழமாகப் பார்க்கிறார்கள் என்பதையும் பொறுத்துச் சில நூறு டாலர் முதல் ஆயிரத்துக்கு மேலும் ஆகும். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்று தோன்றும், எனக்கும் தோன்றித்தான் மிச்சம் பிடித்தேன்.

டீலர் "எங்கள் மெக்கானிக்கே பார்த்துவிட்டார்" என்பார். விற்பவர் பரிந்துரைக்கும் ஆள் வேண்டாம், நீங்களே தேடிப் பிடியுங்கள். போகிறவர் கையில் ஈரப்பதம் அளக்கும் மீட்டர் இருக்கிறதா, கூரைமேல் ஏறுவாரா, சமையல் எரிவாயுக் குழாயில் கசிவுச் சோதனை செய்வாரா, எண்ணெய் மாதிரி எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்புவாரா என்று முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். பெரிய டீசல் வண்டிக்கு அந்த எண்ணெய்ப் பரிசோதனை கட்டாயம். இவர்கள் பார்ப்பது பெரும்பாலும் வீட்டுப் பகுதியைத்தான், எஞ்சின் பிரேக் எல்லாம் லாரி மெக்கானிக் ஒருவர் தனியாகப் பார்ப்பது நல்லது. எல்லாம் முடிந்ததும் இன்ஸ்பெக்டரைப் போனில் பிடித்து, "உள்ளே நுழைந்ததும் என்ன வாடை அடித்தது?" என்று கேளுங்கள். ஏர் ஃபிரெஷ்னர் மணம் தூக்கலாக இருந்தது என்று சொன்னால் அதுவும் ஒரு பதில்தான்.

இன்ஸ்பெக்டரை உள்ளே விட மறுக்கும் டீலர்கள் இருக்கிறார்கள். நன்றி சொல்லிவிட்டு அடுத்த விளம்பரத்துக்குப் போங்கள்.

பணம் கொடுக்கும் நேரம்

விலை சந்தையில் பாதியாக இருந்து, விற்பவர் ராணுவத்தில் வெளிநாட்டில் இருக்கிறார் அல்லது கணவர் இறந்துவிட்டார், வண்டி ஏதோ ஒரு குடோனில் இருக்கிறது, பணத்தை நடுவர் கணக்கில் போட்டால் வாசலுக்கே வந்துவிடும் என்று கதை போனால் அங்கே வண்டியே கிடையாது. படங்களைக் கூகுளில் போட்டுத் தேடினால் வேறு ஊரில் வேறு பெயரில் அதே வண்டி வரும். இப்படி நடுவரிடம் பணத்தை வைக்கும் எஸ்க்ரோ சேவை உண்மையிலேயே நல்ல வழி, ஆனால் விற்பவர் அனுப்பும் இணைப்பைச் சொடுக்காதீர்கள், அச்சு அசலாகப் போலித் தளம் செய்து வைத்திருக்கிறார்கள். முகவரியை நீங்களே தட்டச்சு செய்து போங்கள். வயர் டிரான்ஸ்ஃபரில் போன பணத்தைத் திரும்பப் பிடிப்பது கிட்டத்தட்ட நடக்காத காரியம். தனியாரிடம் வாங்கினால் அவருடைய வங்கிக் கிளையிலேயே சந்தித்துக் காசோலையும் டைட்டிலும் கை மாறுவதுதான் எனக்குப் பிடித்த முறை.

சட்டம் காப்பாற்றும் என்று இருந்துவிடாதீர்கள். டீலர்கள் பழைய கார் ஜன்னலில் ஒட்டவேண்டிய உத்தரவாத விவரத் தாள், கூட்டாட்சி விதிப்படி 8,500 பவுண்டுக்குக் குறைவான வண்டிகளுக்குத்தான். என் கிளாஸ் சி 14,000 பவுண்டைத் தாண்டும். மூன்று நாளில் திருப்பிக் கொடுக்கலாம் என்று எல்லோரும் சொல்லும் விதியும் ஆன்லைனிலோ போனிலோ முடிந்த வியாபாரத்துக்குப் பொருந்தாது. ஒப்பந்தத்தில் "உள்ளது உள்ளபடி" என்று கையெழுத்து போட்டால் பெரும்பாலும் அதோடு சரி. முன்பணம் கொடுக்கும்போது, இன்ஸ்பெக்ஷன் திருப்தி இல்லையென்றால் முழுத்தொகையும் திரும்ப வரும் என்று எழுத்தில் வாங்குங்கள், போனில் சொன்ன வாக்கு போனோடு போய்விடும்.

எல்லாம் சரியாக வந்து வண்டியை எடுக்கப் போகிறீர்கள் என்றால், ரத்து செய்யக்கூடிய ரிட்டர்ன் டிக்கெட்டோடு போங்கள். ஒரு வழி டிக்கெட்டில் போனவன், பிடிக்காவிட்டாலும் அந்த வண்டியில்தான் வீடு திரும்புவான். காப்பீட்டையும் தற்காலிக நம்பர் பிளேட்டையும் முன்பே ஏற்பாடு செய்துகொள்ளுங்கள். சாவியை வாங்கியதும் நேராக ஊரைப் பார்த்துக் கிளம்பாமல், பத்து இருபது மைலுக்குள் தண்ணீர், மின்சாரம், கழிவு இணைப்பு மூன்றும் உள்ள முகாமில் இரண்டு ராத்திரி தங்குங்கள். ஹீட்டர், வெந்நீர், கழிவறை, அடுப்பு என்று எல்லாவற்றையும் போட்டுப் பாருங்கள், கெட்டது தெரிந்தால் விற்றவரின் கடை இன்னும் பக்கத்தில்தான் இருக்கும். மூன்றாம் நாள் கிளம்பினால் முதல் ஐம்பது மைலில் ஒரு தடவை நிறுத்தி, ஒவ்வொரு சக்கரத்தின் பக்கமாகவும் கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள். ஒன்று மட்டும் மற்றதைவிட அதிகமாகச் சுட்டால் பிரேக்கோ பேரிங்கோ மாட்டிக்கொண்டிருக்கிறது, அடுத்த ஊரில் மெக்கானிக்கைத் தேடுங்கள்.