டெப் பொதியை நிறுவாமல் பிரித்துப் பார்ப்பது எப்படி

டெபியன், உபுண்டு, லினக்ஸ் மிண்ட் போன்ற இயங்குதளங்களில் மென்பொருள்கள் டெப் என்னும் பின்னொட்டுடைய பொதிகளாக வந்து சேர்கின்றன. பெரும்பாலோர் அவற்றை நிறுவுவதோடு நின்றுவிடுகிறார்கள். ஆனால் ஒரு பொதியை நிறுவாமலே திறந்து, அதற்குள் என்ன இருக்கிறது என்று பார்க்கவும், வேண்டிய ஒரே ஒரு கோப்பை மட்டும் வெளியே எடுக்கவும் டிபிகேஜி (dpkg) என்னும் பொதி மேலாண்மைக் கருவி வழி தருகிறது. கணினியைப் பராமரிக்கும் ஒவ்வொருவரும் இதைக் கற்றிருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. ஏனெனில் நிறுவுதல் என்பது அந்நியர் எழுதிய நிரல்களை நிர்வாகி அதிகாரத்துடன் ஓடவிடுவது, பிரித்துப் பார்ப்பதோ அப்படி எதையும் ஓடவிடுவதில்லை.

கட்டளைகளின் ஒலிப்பை இங்கே தமிழில் தருகிறேன். கட்டளைகளை இடும் சாளரமான முனையத்தில் அவற்றை ஆங்கிலச் சிறிய எழுத்துகளில் தட்டச்சிட வேண்டும். விருப்பத்தேர்வுகளை இயன்றவரை நீண்ட வடிவிலேயே எழுதியுள்ளேன். ஓரெழுத்துச் சுருக்கங்களில் பெரிய எழுத்துக்கும் சிறிய எழுத்துக்கும் பொருள் மாறிவிடும் என்பதால் தொடக்கத்தில் நீண்ட வடிவமே பாதுகாப்பானது.

முதலில் பொதியைப் பதிவிறக்க வேண்டும். கீழ்க்கண்ட கட்டளை, இயங்குதளத்தின் பொதிகள் சேமிக்கப்பட்டுள்ள இணையக் களஞ்சியத்திலிருந்து பொதியை நடப்புக் கோப்புறைக்குள் கொண்டுவந்து வைக்கும். எதையும் நிறுவாது, நிர்வாகி அதிகாரமும் கேட்காது.

ஆப்ட் டவுன்லோட் பொதிப்பெயர்

டெப் கோப்பின் அமைப்பு எளிமையானது. அது ஏஆர் என்னும் பழைய காப்பக வடிவத்தில் உள்ளது. நிரலாளர்கள் நிலையான நூலகங்களைக் கட்டப் பயன்படுத்தும் அதே வடிவம்தான். அதற்குள் மூன்று உறுப்புகள் வரிசையாக இருக்கும். முதலாவது, வடிவத்தின் பதிப்பெண்ணை மட்டும் தாங்கிய சிறு கோப்பு. இன்றைய பொதிகளில் அது 2.0. இரண்டாவது, பொதியைப் பற்றிய தகவல்களும் நிறுவலின்போது ஓடும் நிரல்களும் அடங்கிய கன்ட்ரோல் டார் கோப்பு (டார் என்பது பல கோப்புகளை ஒன்றாகக் கட்டும் காப்பக வடிவம்). மூன்றாவது, கணினியில் சென்று அமரவேண்டிய உண்மையான கோப்புகள் அடங்கிய டேட்டா டார் கோப்பு. பின்னிரண்டும் வழக்கமாக ஜிஇசட், எக்ஸ்இசட், இசட்எஸ்டி ஆகிய முறைகளில் ஒன்றால் சுருக்கப்பட்டிருக்கும்.

உள்ளே இருப்பவற்றின் பட்டியலைப் பார்க்க:

டிபிகேஜி-டெப் --கன்டென்ட்ஸ் பொதி.டெப்

ஒவ்வொரு கோப்பின் அனுமதிகள், உரிமையாளர், அளவு, சென்றமரும் பாதை ஆகியவை வரிவரியாகத் தோன்றும். பொதியின் பதிப்பு, சார்புகள் (உடன் தேவைப்படும் பிற பொதிகள்), விளக்கம் ஆகியவை வேண்டுமெனில் கன்டென்ட்ஸ் என்பதற்கு மாற்றாக இன்ஃபோ என்று இடலாம். இவை இரண்டும் வட்டில் எதையும் விட்டுவைப்பதில்லை.

கோப்புகளை வெளியே எடுப்பதற்கான கட்டளை இது:

டிபிகேஜி-டெப் --எக்ஸ்ட்ராக்ட் பொதி.டெப் சோதனை

இறுதியில் உள்ள சோதனை என்பது இலக்குக் கோப்புறையின் பெயர். அது இல்லையெனில் கருவியே உருவாக்கிக்கொள்ளும். இந்த இடத்தில் ஓர் எச்சரிக்கையை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். இலக்குக் கோப்புறை ஏற்கெனவே இருந்தால், அதன் அனுமதிகளைப் பொதிக்குள் பதிவாகியுள்ளபடி இக்கட்டளை மாற்றிவிடும். பிறர் பார்க்க முடியாதபடி 700 என்ற அனுமதியுடன் வைத்திருக்கும் உங்கள் இல்லக் கோப்புறைக்குள் நேரடியாகப் பிரித்தால், அது ஓசையின்றி 755 ஆகி, அக்கணினியின் மற்றப் பயனர்களுக்கும் திறந்துவிடக்கூடும். நிர்வாகியாக இருந்துகொண்டு தற்காலிகக் கோப்புறையான டெம்ப்பிற்குள் நேரடியாகப் பிரித்தாலோ, எல்லாப் பயனர்களும் எழுதுவதற்கான அதன் 1777 அனுமதி போய், பல செயலிகள் இயங்க மறுக்கும். ஆகவே எப்போதும் புதிய, வெற்றுக் கோப்புறையையே இலக்காகக் கொடுங்கள். சாதாரணப் பயனராகவே பிரியுங்கள். கணினியின் மூலக் கோப்புறையை (/) இலக்காகக் கொடுப்பது நிறுவுவதற்கு ஈடாகாது: கோப்புகள் வந்தமரும், ஆனால் டிபிகேஜியின் தரவுத்தளத்தில் பதிவு இருக்காது, பின்னர் ஒழுங்காக நீக்கவும் வழியிராது.

களஞ்சியத்திற்கு வெளியே, ஏதோ ஓர் இணையதளத்திலிருந்து எடுத்த பொதியாக இருந்தால், நிறுவலின்போது ஓடும் நிரல்களைப் படித்துப் பார்ப்பதே முதல் வேலை.

டிபிகேஜி-டெப் --கன்ட்ரோல் பொதி.டெப் தகவல்

இதன் விளைவாகத் தகவல் என்னும் கோப்புறைக்குள் கன்ட்ரோல் கோப்பு வந்துசேரும். அதோடு நிறுவலுக்கு முன் ஓடும் ப்ரீஇன்ஸ்ட், பின் ஓடும் போஸ்ட்இன்ஸ்ட், நீக்கலுக்கு முன்னும் பின்னும் ஓடும் ப்ரீஆர்எம், போஸ்ட்ஆர்எம் ஆகியவற்றுள் அப்பொதியில் இருப்பவையும் வரும். பெரும்பாலும் இவை ஷெல் நிரல்கள் என்பதால் எந்த உரைத்திருத்தியிலும் படிக்கலாம். போஸ்ட்இன்ஸ்டில் புதிய களஞ்சிய முகவரி சேர்க்கப்படுகிறதா, புதிய பயனர் உருவாக்கப்படுகிறாரா, இணையத்திலிருந்து வேறெதுவும் பதிவிறக்கப்படுகிறதா என்று பாருங்கள். சில நிமிட வாசிப்பு இது. நிறுவியபின் தேடிக் களைவதைவிட மிக எளிது.

பிரித்தெடுப்பதன் மிகப் பெரிய பயனை நான் காண்பது, மென்பொருள் எப்படி இயங்க வேண்டும் என்று சொல்லும் அமைவுக் கோப்புகளை மீட்பதில்தான். ஈடிசி கோப்புறையில் உள்ள ஓர் அமைவுக் கோப்பை ஒருவர் தவறுதலாக அழித்துவிட்டார் என்று கொள்வோம். பொதியை மீண்டும் நிறுவினால் அது திரும்பிவிடும் என்றே பலரும் எண்ணுகிறார்கள், ஆனால் திரும்பாது. அமைவுக் கோப்பை அழித்ததை நிர்வாகியின் முடிவாகவே டிபிகேஜி கருதி மதிக்கிறது. ஃபோர்ஸ்-கான்ஃப்மிஸ் என்ற விருப்பத்தேர்வைக் கொடுத்து மீண்டும் நிறுவச்செய்யலாம் என்றாலும், அது அப்பொதியில் காணாமற்போன அமைவுக் கோப்புகள் அனைத்தையும் திரும்பக் கொண்டுவரும். ஒரே கோப்பு போதுமெனில் பிரித்தெடுப்பதே நேர்வழி. கோப்பு எந்தப் பொதிக்குரியது என்பதை டிபிகேஜி --சர்ச் என்ற கட்டளைக்கு முழுப் பாதையைக் கொடுத்து அறியலாம். பிறகு, நிறுவியிருக்கும் அதே பதிப்பைப் பதிவிறக்கி, இவ்வாறு எடுக்கலாம்:

டிபிகேஜி-டெப் --எஃப்சிஸ்-டார்ஃபைல் பொதி.டெப் | டார் --எக்ஸ்ட்ராக்ட் --ஃபைல்=- --டு-ஸ்டட்அவுட் ./ஈடிசி/பெயர்.கான்ஃப் > மீட்பு.கான்ஃப்

முதற்பகுதி (அதன் விருப்பத்தேர்வு fsys-tarfile) டேட்டா டார் கோப்பைச் சுருக்கம் நீக்கி, | என்ற குறியால் அமையும் குழாய்க்குள் அனுப்புகிறது. இரண்டாம் பகுதி அதிலிருந்து ஒரு கோப்பை மட்டும் எடுத்துத் தருகிறது. பாதையின் தொடக்கத்தில் உள்ள புள்ளியை விட்டுவிட்டால், கோப்பைக் காணவில்லை என்று டார் கருவி சொல்லும். எல்லா அமைவுக் கோப்புகளும் பொதிக்குள் அதே பாதையில் இருப்பதில்லை என்பதையும் நினைவிற்கொள்ள வேண்டும். எடுத்துக்காட்டாக, தொலைவிலிருந்து கணினிக்குள் நுழைய உதவும், டெபியனின் ஓபன்எஸ்எஸ்ஹெச் சர்வர் பொதியில் எஸ்எஸ்ஹெச்டி_கன்ஃபிக் கோப்பின் மூலவடிவம் யுஎஸ்ஆர் கோப்புறைக்குள் உள்ள ஷேர்/ஓபன்எஸ்எஸ்ஹெச் என்னும் இடத்தில் இருக்கிறது. நிறுவலின்போது ஓடும் நிரல்தான் அதை ஈடிசிக்குள் கொண்டுபோய் வைக்கிறது. சர்ச் கட்டளை எதையும் காட்டாதபோது இப்படிப்பட்ட இடங்களில் தேடுங்கள்.

பழைய கணினியில் புதிய பொதியைப் பிரிக்கும்போது, சுருக்கமுறை தெரியவில்லை என்று டிபிகேஜி நின்றுவிடுவதுண்டு. உபுண்டு 21.10 பதிப்பிலிருந்து பொதிகள் இசட்எஸ்டி முறையில் சுருக்கப்படுகின்றன. டெபியனின் டிபிகேஜி அம்முறையை 1.21.18 பதிப்பில்தான் ஏற்றது, அதாவது 2023இல் வெளியான டெபியன் 12இல்தான் அது பயனர்களுக்குக் கிடைத்தது. டெபியன் 11இல் இச்சிக்கல் எழுந்தால், ஏஆர் எக்ஸ் பொதி.டெப் என்று கொடுத்து மூன்று உறுப்புகளையும் வெளியே எடுத்து, இசட்எஸ்டி கருவியை நிறுவி, டார் --இசட்எஸ்டி --எக்ஸ்ட்ராக்ட் --ஃபைல்=டேட்டா.டார்.இசட்எஸ்டி என்று பிரிக்கலாம் (கோப்புப் பெயரின் இறுதியில் zst, விருப்பத்தேர்வில் zstd).

பெயர் ஒற்றுமையால் குழப்பம் தரும் இன்னொரு கட்டளையும் உண்டு. டிபிகேஜி --அன்பேக் என்பது மேற்சொன்ன பிரித்தெடுத்தல் அன்று. அது நிறுவலின் முதற்பாதி. நிர்வாகி அதிகாரம் கேட்கும், ப்ரீஇன்ஸ்டை ஓட்டும், கணினியின் உண்மையான இடங்களில் கோப்புகளை வைக்கும், ஆனால் போஸ்ட்இன்ஸ்டை ஓட்டாமல் நின்றுவிடும். ஆப்ட் கருவியும் உள்ளுக்குள் இவ்விரு படிகளாகவே வேலை செய்கிறது. இடையில் மின்சாரம் நின்றுபோனால் பொதிகள் இந்த அரைநிலையிலேயே தங்கிவிடும். டிபிகேஜியின் பொதிப் பட்டியலில் அவற்றின் தொடக்கத்தில் ஐ, யு என்ற இரண்டு எழுத்துகள் நிற்கும். மீட்பதற்கு:

சுடோ டிபிகேஜி --கன்ஃபிகர் --பெண்டிங்

பிரித்த பொதியைத் திருத்தி மறுபடி கட்ட விரும்புவோர், ரா-எக்ஸ்ட்ராக்ட் என்ற விருப்பத்தேர்வால் கோப்புகளையும் கன்ட்ரோல் தகவல்களையும் ஒரே கோப்புறைக்குள் எடுத்து, பதிப்பெண்ணின் இறுதியில் தமக்கான ஒரு பின்னொட்டைச் சேர்த்து, பின் இவ்வாறு கட்டலாம்:

டிபிகேஜி-டெப் --ரூட்-ஓனர்-குரூப் --பில்ட் சோதனை புதியது.டெப்

ரூட்-ஓனர்-குரூப் என்பதை விட்டுவிட்டால் உள்ளிருக்கும் கோப்புகள் யாவும் பிரித்த பயனரின் பெயரிலேயே பதிவாகி, நிறுவும் கணினியிலும் தவறான உரிமையாளருடன் சென்றமரும்.