மலேசிய வெக்கையில் குதிரைக்குக் குதிரைமசால்

தமிழ்நாட்டில் குதிரைமசால் எனப்படும் செடியைத்தான் கோலாலம்பூர் லாயங்களில் லூசர்ன் என்றும் அல்ஃபால்ஃபா என்றும் கேட்டு வாங்குகிறோம். பெயரிலேயே குதிரை இருப்பதால் எவ்வளவு போட்டாலும் நல்லதுதான் என்று எண்ணிவிடக் கூடாது. இது புல் அன்று. கொள்ளு, பயறு ஆகியவற்றின் குடும்பத்தைச் சேர்ந்தது. திமோத்தி போன்ற சாதாரண உலர்புல்லில் புரதம் பெரும்பாலும் நூற்றுக்கு 8 முதல் 10 பங்குதான்; குதிரைமசாலில் 15 முதல் 20 பங்கு வரை இருக்கும். சுண்ணாம்புச்சத்தும் கிலோவுக்கு ஏறத்தாழ 13 கிராம் உண்டு. குதிரைக்குப் புல் சோறு என்றால் இது பருப்பு. பருப்பை மட்டுமே தட்டு நிறையப் போட்டு எவரும் சாப்பாடு என்று சொல்வதில்லை.

நம் ஊரில் இந்தப் பருப்பு ஏன் தேவைப்படுகிறது என்பதை முதலில் புரிந்துகொள்ள வேண்டும். இங்கே மலிவாகவும் தாராளமாகவும் கிடைப்பது வெட்டிய நேப்பியர் புல். சில இடங்களில் செத்தாரியாவும் உண்டு. இந்த வெப்பமண்டலப் புற்களில் ஆக்சலேட் என்னும் உப்பு மிகுதி. அது புல்லில் உள்ள சுண்ணாம்புச்சத்தைப் பிடித்துக்கொண்டு, குடல் உறிஞ்ச முடியாதபடி சாணத்தோடு வெளியேற்றிவிடுகிறது. அதன்மேல், செலவைக் குறைக்க அரிசித் தவிட்டை அள்ளிப் போடும் பழக்கமும் இருக்கிறது. ஒரு கிலோ தவிட்டில் 15 கிராமுக்குக் குறையாமல் பாஸ்பரஸ் இருக்க, சுண்ணாம்புச்சத்தோ ஒரு கிராம் அளவில்தான் இருக்கும். மிகுந்த பாஸ்பரஸும் சுண்ணாம்புச்சத்து உடலில் சேரவிடாமல் தடுக்கும். இரத்தத்தில் குறையும் சுண்ணாம்பை ஈடுகட்ட உடல் எலும்பிலிருந்து எடுக்கத் தொடங்கும். மாதக்கணக்கில் இது நீடித்தால் முதலில் ஒரு நாள் முன்காலும் மறுநாள் பின்காலுமாக நொண்டும், பிறகு கண்ணுக்குக் கீழே முக எலும்பு இருபுறமும் வீங்கும். பெருந்தலை நோய் என்பது இதுதான். வயிறு நிறையத் தின்று, பார்வைக்குக் கொழுகொழுவென்று இருக்கும் குதிரைக்கும் இது வரும் என்பதால்தான் பலர் ஏமாந்துபோகிறார்கள். தவிட்டைக் குறைத்து, அந்த இடத்தில் குதிரைமசாலைச் சேர்ப்பது எளிய தடுப்பு. நோய் தொடங்கிவிட்டதாக ஐயம் எழுந்தால் தீவனத்தை மாற்றிப் பார்த்துக்கொண்டிராமல் கால்நடை மருத்துவரை அழைக்க வேண்டும்.

அளவுக்கு வருவோம். குதிரையின் எடையை அறியத் தையல்காரரின் அளவு நாடா போதும். முன்கால்களுக்குப் பின்னால் மார்பைச் சுற்றி சென்டிமீட்டரில் அளந்து, அந்த எண்ணை அதே எண்ணால் பெருக்கி, பிறகு தோள்முனையிலிருந்து பிட்டத்து எலும்பு வரையுள்ள நீளத்தாலும் பெருக்கி, 11,880ஆல் வகுத்தால் கிலோவில் ஏறத்தாழ எடை கிடைக்கும். மார்புச் சுற்று 178, நீளம் 168 என்றால் 450 கிலோவை ஒட்டி வரும். அத்தகைய குதிரை ஒரு நாளைக்குத் தன் எடையில் நூற்றுக்கு இரண்டு பங்கு, அதாவது 9 கிலோ உலர்தீவனம் தின்னும். பச்சை நேப்பியரில் ஐந்தில் நான்கு பங்கு நீர்தான். ஆகவே 20 கிலோ வெட்டுப்புல்லை 4 கிலோ என்றே கணக்கில் கொள்ள வேண்டும். அதனுடன் 3 கிலோ திமோத்தி, 2 கிலோ குதிரைமசால் சேர்த்தால் கணக்கு நேராகும். அந்த 2 கிலோவே ஏறத்தாழ 26 கிராம் சுண்ணாம்புச்சத்தைத் தரும். ஓய்விலிருக்கும் அதே குதிரையின் அன்றாடத் தேவை 18 கிராம் அளவுதான்.

இதுவே எல்லாக் குதிரைக்கும் விதியாகிவிடாது. சுங்கை பெசியில் பந்தயத்துக்குப் பழகும் குதிரைக்கும், பால் கொடுக்கும் பெட்டைக்கும் இதைவிடக் கூடுதலாகக் கொடுக்கலாம். பினாங்கு பத்து ஃபெரிங்கி கடற்கரையில் சுற்றுலாப் பயணிகளைச் சுமந்து மெல்ல நடக்கும் குதிரைக்கு ஒரு கிலோவே போதுமானதாக இருக்கலாம். உடல் பெருத்த குட்டைக் குதிரைகளுக்கும், சிறுநீரக நோயோ சிறுநீர்க்கல்லோ உள்ளவற்றுக்கும் மருத்துவரைக் கேட்காமல் கொடுக்கவே கூடாது. ஏற்கெனவே கொள்ளு வேகவைத்துப் போடுபவர்கள் புரதத்துக்காக இதையும் சேர்க்கத் தேவையில்லை. இரண்டையும் கொடுப்பது பாசத்தின் கணக்கே தவிரத் தீவனக் கணக்கன்று.

புதிதாகத் தொடங்கும்போது முதல் நாள் கால் கிலோவுக்கு மேல் வேண்டாம். குதிரையின் பெருங்குடலில் நார்ச்சத்தைச் செரிக்கும் நுண்ணுயிர்கள் புதுத் தீவனத்துக்குப் பழகச் சில நாட்கள் ஆகும்; திடீரென்று மாற்றினால் வயிற்றுவலி வரும், குதிரையால் வாந்தி எடுக்கவும் முடியாது. பத்து நாட்களில் மெல்ல மெல்ல முழு அளவுக்குக் கொண்டுபோகலாம். எடையைத் தொங்கு தராசில் நிறுத்தே கொடுக்க வேண்டும். உலர்ந்த குதிரைமசால் கட்டைப் பிரித்தால் வரும் அடுக்குகளில் ஒன்று ஒன்றரைக் கிலோவும் அடுத்தது இரண்டரைக் கிலோவும் இருக்கும். நானும் ஒரு காலத்தில் வேளைக்கு ஓர் அடுக்கு என்றுதான் போட்டுவந்தேன். தராசு வாங்கிய அன்றுதான் வாரக்கணக்கில் ஏறத்தாழ இரட்டிப்பாகக் கொடுத்திருப்பது தெரிந்தது.

கொடுக்கும் நேரத்திலும் பலன் இருக்கிறது. குதிரையின் வயிறு தீவனம் இல்லாதபோதும் இடைவிடாமல் அமிலம் சுரக்கும். வெறும் வயிற்றோடு ஓடும்போது அந்த அமிலம் வயிற்றின் மேல்பகுதியில் தெறித்துப் புண்ணாக்கும். சவாரிக்கு அரை மணி நேரம் முன்பு அன்றைய பங்கிலிருந்து அரைக் கிலோ கொடுத்தால், அதிலுள்ள சுண்ணாம்பும் புரதமும் அமிலத்தைத் தணிக்கும். சத்தில் பெரும்பகுதி இலையில்தான் இருக்கிறது. வலையில் போட்டால் இலை உதிர்ந்து மண்ணோடு போய்விடும் என்பதால் அகலத் தொட்டியில் போடுவதே நல்லது.

வாங்கும்போது கட்டின் வெளிப்புறப் பச்சை நிறத்தை நம்பாமல் ஒன்றைப் பிரித்துக் காட்டச் சொல்லுங்கள். உள்ளே கையை விட்டால் சூடு தெரியக் கூடாது. உதறினால் சாம்பல் தூசி பறக்கக் கூடாது. தேயிலையைப் போன்ற இதமான மணம் வர வேண்டும். அமெரிக்காவிலிருந்து வந்த கட்டாக இருந்தால் நசுங்கிய நீள வண்டுகள் இருக்கின்றனவா என்றும் பார்க்க வேண்டும். அவை கொப்புள வண்டுகளாக இருக்கலாம்; அவற்றின் நஞ்சு காய்ந்த பிறகும் குறையாது, குதிரையைக் கொன்றுவிடவும் கூடும். ஒன்று கண்ணில் பட்டாலும் அந்தக் கட்டைக் கொடுக்காதீர்கள்.

ஆனால் நம் ஊரில் உண்மையான எதிரி ஈரம்தான். மாலை இடிமழையும் இரவு முழுவதும் தங்கும் புழுக்கமும் நல்ல கட்டையும் சில வாரங்களில் பூசணம் பிடிக்க வைத்துவிடும். மலிவாகக் கிடைக்கிறதென்று மூன்று மாதத்துக்கு வாங்கிக் குவிக்காமல், இரண்டு மூன்று வாரத் தேவையை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். மரச் சட்டங்களின் மேல், சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளி, கட்டுகளுக்கிடையே காற்றுப் போகும்படி அடுக்க வேண்டும். தார்ப்பாயால் இறுக மூடினால் உள்ளே வியர்த்து மேலடுக்குதான் முதலில் கெடும். பூசணம் கண்ட பகுதியை மட்டும் பிய்த்தெறிந்துவிட்டு மீதியைப் போடும் சிக்கனம் வேண்டாம். தூசிக்கு இருமும் குதிரைக்குப் பத்து நிமிடம் நனைத்துக் கொடுக்கலாம்; நனைத்தது இந்த வெக்கையில் சீக்கிரம் புளித்துவிடும் என்பதால் மிச்சத்தை அடுத்த வேளைக்கு வைக்கக் கூடாது.

குதிரைமசால் தின்னத் தொடங்கியதும் குதிரை கூடுதலாக நீர் குடிக்கும், கூடுதலாகச் சிறுநீரும் கழிக்கும். சிறுநீர் கலங்கலாக இருந்தால் பதற வேண்டாம், மிகுதிச் சுண்ணாம்பு அவ்வழியாகத்தான் வெளியேறுகிறது. மிகுதிப் புரதமோ அம்மோனியாவாகி மூக்கைத் துளைக்கும். காற்றோட்டமில்லாத லாயத்தில் அது நுரையீரலைக் கெடுக்கும் என்பதால், தரையில் பரப்பியதில் ஈரமான மரத்தூளை நாளுக்கு இருமுறை அள்ளிவிட வேண்டும். காலையில் லாயத்துக்குள் நுழையும்போதே கண் எரிந்தால் அளவு மிஞ்சிவிட்டதா என்று பாருங்கள். இதில் சோடியம் மிகக் குறைவு. ஆகவே நாளுக்கு 25 முதல் 30 கிராம் உப்பும், நன்றாக வியர்க்கும் நாட்களில் இன்னும் சற்று அதிகமாகவும் கொடுக்க வேண்டும்.

கட்டு கிடைக்காத வாரங்களில் அழுத்திய கட்டிகளையோ குறுணைகளையோ வாங்கலாம். விரலால் நசுக்கினால் கரையும் வரை அவற்றைத் தண்ணீரில் ஊறவைத்த பிறகே தொட்டியில் போட வேண்டும், உலர்ந்த கட்டியை அவசரமாக விழுங்கும் குதிரைக்குத் தொண்டை அடைத்துக்கொள்ளும்.