32-பிட் டெபியனை அழிக்காமல் 64-பிட்டுக்கு மாற்றுவது எப்படி?

2025 ஆகஸ்ட்டில் டெபியன் லினக்ஸின் 13-ஆம் பதிப்பு வந்ததிலிருந்து பழைய 32-பிட் டெபியன் வைத்திருப்பவர்கள் முட்டுச்சந்தில் நிற்கிறார்கள். ஐ386 எனப்படும் 32-பிட் கட்டமைப்புக்கு அந்தப் பதிப்பில் இன்ஸ்டாலரும் கிடையாது, கெர்னலும் (இயங்குதளத்தின் மையப் பகுதி) கிடையாது. 64-பிட் கணினியில் பழைய நிரல்களை ஓட்டிக்கொள்ள மட்டும் ஐ386 பேக்கேஜ்களை விட்டுவைத்திருக்கிறார்கள். வேடிக்கை என்னவென்றால், இப்படி மாட்டிக்கொண்ட கணினிகள் பலவற்றில் இருப்பது 64-பிட் செயலிதான். ஏஎம்டி தன் 64-பிட் ஆப்டெரானை 2003-லேயே கொண்டுவந்துவிட்டது. எப்போதோ 32-பிட் குறுந்தகட்டைப் போட்டு இன்ஸ்டால் செய்திருப்போம், அப்புறம் பதிப்பு பதிப்பாக மேம்படுத்திக்கொண்டே வந்திருப்போம். அதுதான் விஷயம்.

என் வீட்டு சர்வரின் கதையும் அதேதான். மெயில், வெப், டேட்டாபேஸ் என்று பல வருடமாகத் திருத்தித் திருத்தி வைத்த அமைப்புகள் அதில் இருந்தன. எல்லாவற்றையும் புதிதாக எழுத மனம் வராததால் இருந்த இடத்திலேயே மாற்றினேன். இதற்கு க்ராஸ்கிரேட் என்று பெயர். உங்களுடையது சாதாரண மேசைக் கணினி, ஹோம் தனிப் பார்ட்டிஷனில் இருக்கிறது என்றால் இதற்கு மேல் படிக்க வேண்டாம். புதிதாக இன்ஸ்டால் செய்வதே சுலபம், டெபியனின் வெளியீட்டுக் குறிப்பும் அதைத்தான் பரிந்துரைக்கிறது. க்ராஸ்கிரேட் முடியும், ஆனால் ஆபத்தானது என்று அதிலேயே சொல்லியிருக்கிறார்கள்.

கட்டளைகளைத் தமிழ் எழுத்தில் தருகிறேன், டெர்மினலில் ஆங்கில எழுத்தில் தட்டிக்கொள்ளுங்கள். நகலெடுத்து ஒட்டுவதைவிட ஒவ்வொன்றையும் படித்துத் தட்டுவதுதான் இந்த வேலைக்கு நல்லது. எல்லாமே ரூட் பயனராக.

தொடங்கும் முன்

முதலில் எல்எஸ்சிபியு கட்டளையை ஓட்டுங்கள். சிபியு ஆப்-மோட் என்ற வரியில் 32-பிட், 64-பிட் இரண்டும் இருந்தால் தொடரலாம். 32-பிட் மட்டும் என்றால் செய்வதற்கு ஒன்றும் இல்லை. நினைவகம் 1 ஜிபி-க்குக் கீழே இருந்தாலும் நான் தொட மாட்டேன். 64-பிட்டில் ஒவ்வொரு பாயின்டரும் 4 பைட்டுக்குப் பதில் 8 பைட் பிடிக்கும், ஏற்கெனவே மூச்சுத் திணறும் இயந்திரம் இன்னும் திணறும்.

டெபியன் 12-இல் இருக்கும்போதே மாற்றுங்கள். 13-க்குப் போவதெல்லாம் அப்புறம்.

பேக்கப் எடுப்பது எப்படி என்று விளக்கப்போவதில்லை. ஒன்று மட்டும்: கோப்புகளை மட்டும் ஆர்சிங்க் செய்து வைப்பது போதாது. குளோன்சில்லாவால் முழு டிஸ்க்கையும் இமேஜாக எடுத்துவிடுங்கள். பாதியில் நின்றால் திரும்பிப் போக அதைவிட நல்ல வழி இல்லை.

பிறகு சேர்த்தது: இதைப் படித்துச் செய்து பார்த்த ஒருவருக்கு எல்லாம் முடிந்த பிறகு போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ் எழவே இல்லை. அதன் டேட்டா கோப்புகளின் அமைப்பு செயலிக் கட்டமைப்பைப் பொறுத்தது. 32-பிட் சர்வர் எழுதிய கோப்புகளை 64-பிட் சர்வர் ஏற்காது. ஆகவே இப்போதே, பழைய சர்வர் ஓடும்போதே, பிஜி_டம்ப்ஆல் போட்டு டெக்ஸ்டாக எடுத்து வையுங்கள். ஆர்ஆர்டிடூல் கோப்புகளுக்கும் இதே கதிதான்: கண்காணிப்பு வரைபடங்கள் வைத்திருப்பவர்கள் ஆர்ஆர்டிடூல் டம்ப் செய்து எக்ஸ்எம்எல்லாக வைத்துக்கொண்டு, மாற்றிய பின் ரீஸ்டோர் செய்ய வேண்டும்.

அடுத்து, பேக்கேஜ்களை இறக்கி நிறுவும் ஆப்ட் கருவியால், இருக்கும் பேக்கேஜ் எல்லாவற்றையும் கடைசிப் பதிப்புக்குக் கொண்டுவாருங்கள்:

ஆப்ட் அப்டேட்
ஆப்ட் ஃபுல்-அப்கிரேட்

இதைத் தாண்டிக் குதிக்காதீர்கள். கொஞ்ச நேரம் 32-பிட் லைப்ரரியும் 64-பிட் லைப்ரரியும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கப்போகின்றன. அப்படி இருக்க வேண்டுமானால் இரண்டின் பதிப்பு எண்ணும் அச்சு அசலாக ஒன்றாக இருக்க வேண்டும். ஒரு லைப்ரரி பின்தங்கியிருந்தால்கூட டிபிகேஜி (ஆப்டுக்கு அடியில் நிறுவும் வேலையைச் செய்யும் கருவி) மறுத்துவிடும். வெளி ரெப்பாசிட்டரியிலிருந்து போட்ட பேக்கேஜ்கள், விர்ச்சுவல்பாக்ஸ், என்விடியா டிரைவர் போன்றவற்றை இப்போதே நீக்கிவிடுங்கள், பிறகு போட்டுக்கொள்ளலாம்.

முதலில் கெர்னல்

64-பிட் கெர்னலில் 32-பிட் நிரல் ஓடும். 32-பிட் கெர்னலில் 64-பிட் நிரல் ஓடாது. அதனால் கெர்னல்தான் முதலில். டெபியனில் 64-பிட்டின் பெயர் ஏஎம்டி64, இன்டெல் செயலிக்கும் அதேதான்.

டிபிகேஜி --ஆட்-ஆர்க்கிடெக்சர் ஏஎம்டி64
ஆப்ட் அப்டேட்
ஆப்ட் இன்ஸ்டால் லினக்ஸ்-இமேஜ்-ஏஎம்டி64:ஏஎம்டி64

ரீபூட் செய்யும்போது கிரப் (கணினியை எழுப்பும் பூட் நிரல்) மெனுவில் அட்வான்ஸ்ட் ஆப்ஷன்ஸுக்குள் போய் ஏஎம்டி64 கெர்னலை நீங்களே தேர்ந்தெடுங்கள். இரண்டு கெர்னலும் இருக்கும்போது கிரப் எதை எடுக்கும் என்று ஊகிக்க வேண்டாம். உள்ளே வந்ததும் யூநேம் -எம் போட்டால் எக்ஸ்86_64 என்று வர வேண்டும். ஆனால் டிபிகேஜி --பிரிண்ட்-ஆர்க்கிடெக்சர் இன்னும் ஐ386 என்றே சொல்லும். பயப்பட வேண்டாம், கெர்னல் மட்டும்தான் மாறியிருக்கிறது.

நிறையப் பேர் இங்கேயே நின்றுவிடலாமா என்று கேட்கிறார்கள். நிற்கலாம், நினைவகம் முழுவதும் கெர்னலுக்குத் தெரியும். ஆனால் டெபியன் 13-க்கும் முறைப்படி போக முடியாது, 2038 சிக்கலும் தீராது. டெபியன் 13 மற்ற 32-பிட் கட்டமைப்புகளின் நேரக் கணக்கை 64-பிட்டுக்கு மாற்றியபோது, பழைய நிரல்கள் உடையக் கூடாது என்று ஐ386-ஐ மட்டும் அப்படியே விட்டுவிட்டது. 2038 ஜனவரி 19 அன்று அந்த 32-பிட் நேரக் கணக்கு நிரம்பிவிடும்.

எல்லோரும் தடுக்கி விழும் இடம்

இனி வரைகலைத் திரையில் உட்கார வேண்டாம். கன்ட்ரோல்-ஆல்ட்-எஃப்2 அழுத்தி எழுத்துத் திரைக்கு வாருங்கள். எஸ்எஸ்எச் வழியாகச் செய்தால் டிமக்ஸுக்குள் (இணைப்பு அறுந்தாலும் வேலையை ஓடவிடும் நிரல்) இருங்கள், கூடவே இரண்டாவது இணைப்பு ஒன்றைத் திறந்து சும்மா விட்டுவையுங்கள். புதிதாக உள்ளே வர முடியாமல் போனாலும் திறந்த இணைப்பு இருக்கும்.

அப்புறம் பிஸிபாக்ஸ்-ஸ்டாட்டிக்:ஏஎம்டி64 பேக்கேஜைப் போடுங்கள். எந்த லைப்ரரியும் தேவைப்படாத ஒற்றை நிரல் அது. ஒரு டெர்மினலில் பிஸிபாக்ஸ் எஸ்எச் ஓட்டி அப்படியே விடுங்கள். எதற்கு என்றால், 32-பிட் நிரல் ஒவ்வொன்றும் /லிப்/எல்டி-லினக்ஸ்.எஸ்ஓ.2 என்ற, நிரலை ஏற்றித் தொடங்கிவைக்கும் லோடரை நம்பித்தான் இருக்கிறது. அது நீங்கிவிட்டால் எல்எஸ் என்று தட்டினால்கூட 'நோ சச் ஃபைல் ஆர் டைரக்டரி' என்றுதான் வரும். கோப்பு அங்கேயேதான் இருக்கும், இல்லாதது லோடர். செய்தியைப் பார்த்து டிஸ்க் அழிந்துவிட்டது என்று பதறுபவர்கள் உண்டு. அந்த நேரத்தில் பிஸிபாக்ஸ் மட்டும் பதில் சொல்லும்.

இப்போது மாற்றப்போவது டிபிகேஜியையும் ஆப்டையும். முதலில் இறக்கி வைத்துக்கொள்ள மட்டும்:

ஆப்ட்-கெட் கிளீன்
ஆப்ட்-கெட் --டவுன்லோடு-ஒன்லி இன்ஸ்டால் டிபிகேஜி:ஏஎம்டி64 டார்:ஏஎம்டி64 ஆப்ட்:ஏஎம்டி64

முக்கியப் பேக்கேஜ்கள் நீங்கும் என்று ஆப்ட் மறுத்தால் --அலவ்-ரிமூவ்-எசென்ஷியல் சேர்க்கலாம். டவுன்லோடு-ஒன்லி இருக்கும்வரை எதுவும் நீங்காது. அந்தச் சொல் கட்டளையில் இருக்கிறதா என்று என்டர் தட்டும் முன் இன்னொரு முறை பாருங்கள்.

இறங்கியதும்:

டிபிகேஜி --இன்ஸ்டால் /வார்/கேஷ்/ஆப்ட்/ஆர்க்கைவ்ஸ்/*_ஏஎம்டி64.டெப்

முதல் முறை பிழைகள் வரும். ஒரு பேக்கேஜ் இன்னொன்றுக்காகக் காத்திருப்பதுதான் காரணம். அதே கட்டளையை மறுபடி ஓட்டுங்கள், பெரும்பாலும் அடங்கிவிடும்.

ஏன் ஆப்டை விட்டுவிட்டு டிபிகேஜியிடம் நேரே போகிறோம்? ஆப்டின் கணக்கில் பாஷ்:ஐ386, பாஷ்:ஏஎம்டி64 இரண்டும் வேறு வேறு பேக்கேஜ். ஒன்றை நீக்கி மற்றொன்றைப் போடு என்றுதான் அது திட்டம் போடும். நீக்கியதற்கும் போடுவதற்கும் நடுவே அந்த நிரல் இல்லாமல் ஒரு கணம் வரலாம், அந்தக் கணத்தில் அது தேவைப்பட்டால் கதை முடிந்தது. டிபிகேஜி அப்படி இல்லை, இருந்த கோப்பின் மேலேயே புதியதை வைத்து மாற்றிவிடும். ஓடுகிற சைக்கிளில் சக்கரம் மாற்றுகிற வேலை இது, கழற்றி வைத்துவிட்டுத் தேட நேரம் கிடையாது.

இப்போது டிபிகேஜி --பிரிண்ட்-ஆர்க்கிடெக்சர் போட்டால் ஏஎம்டி64 என்று வரும். டிபிகேஜி --ஆட்-ஆர்க்கிடெக்சர் ஐ386 போட்டு, ஆப்ட் அப்டேட் செய்யுங்கள்.

அடுத்து ஆப்டில் என்ன கேட்டாலும் திரை நிறைய உடைந்த சார்புகள் வந்து கொட்டும். ஆப்ட்-கெட் -எஃப் இன்ஸ்டால் போட்டுச் சரிசெய்யச் சொல்லி அதுவே யோசனையும் சொல்லும். பட்டியலைப் படிக்காமல் அதற்குச் சரி சொன்னால் பாதி கணினி காணாமல் போகும். நடப்பது இதுதான்: எந்தச் செயலிக்கும் பொதுவான பேக்கேஜ்கள் எல்லாம் கணினியின் சொந்தக் கட்டமைப்பைச் சேர்ந்தவையாகவே எண்ணப்படும். நேற்றுவரை சொந்தம் ஐ386, இப்போது ஏஎம்டி64. எனவே அவை கேட்கும் மற்ற பேக்கேஜ்களும் ஏஎம்டி64-ஆக இருக்க வேண்டும் என்று ஆப்ட் எதிர்பார்க்கிறது. உண்மையில் எதுவும் உடையவில்லை, கணக்குதான் மாறியிருக்கிறது.

ஆகவே ஆப்டை இறக்கித் தர மட்டும் பயன்படுத்துங்கள். பாஷ், டாஷ், கோர்யூடில்ஸ், யூடில்-லினக்ஸ், பெர்ல்-பேஸ், கிரெப், செட், ஜிஜிப் என்று அடிப்படைப் பேக்கேஜ்களை :ஏஎம்டி64 ஒட்டோடு மேலே சொன்ன டவுன்லோடு-ஒன்லி முறையிலேயே இறக்கி, டிபிகேஜியால் போடுங்கள். அது முடிந்ததும் சிஸ்டம்டி, சிஸ்டம்டி-சிஸ்வி, யூடெவ் மூன்றையும் ஒரே கட்டாக. பெர்ல் மாறியதும் டெப்கான்ஃப் (நிறுவும்போது அமைப்புக் கேள்விகள் கேட்கும் கருவி) முனகும். சியில் எழுதிய 32-பிட் பெர்ல் மாட்யூல்களை 64-பிட் பெர்லால் ஏற்ற முடியாததே காரணம். லிப்லொகேல்-கெட்டெக்ஸ்ட்-பெர்ல் வழக்கமான குற்றவாளி, அதன் ஏஎம்டி64 பதிப்பைப் போட்டால் அடங்கும்.

மீதி எல்லாம்

அடிப்படை மாறியதும் ஒருமுறை ரீபூட் செய்து எழுகிறதா பாருங்கள். பிறகு டிபிகேஜி -எல் | கிரெப் :ஐ386 என்று போட்டு மிச்சம் என்ன என்று பாருங்கள். சேவைகளை ஒவ்வொரு கொத்தாக மாற்றுவதுதான் எனக்குப் பிடித்த வழி: இன்று மெயில், அது ஓடினால் வெப். இப்போது ஆப்டையே விட்டுச் செய்யச் சொல்லலாம், ஆனால் நீக்கப்போகும் பட்டியலில் உள்ள ஒவ்வொரு ஐ386 பெயருக்கும் போடப்போகும் பட்டியலில் ஜோடி இருக்கிறதா என்று பாருங்கள். ஜோடி இல்லாத பெயர் ஒன்று கண்ணில் பட்டாலும் 'என்' தட்டி வெளியே வந்து, அது ஏன் என்று தேடுங்கள்.

க்ராஸ்கிரேடர் என்ற கருவியும் டெபியனில் இருக்கிறது. இதையெல்லாம் தானாகச் செய்யும். நான் கையாலேயே செய்வேன். நடுவழியில் நின்றால் எந்தப் படியில் நிற்கிறோம் என்று தெரிந்திருக்க வேண்டும்.

இன்னொரு பின்சேர்க்கை, கிரப் பற்றி: பழைய பயாஸ் கணினி என்றால் கிரப்-பிசி:ஏஎம்டி64 போட்டு கிரப்-இன்ஸ்டால் ஓட்டினால் போதும். ஆனால் பே டிரெயில் ஆட்டம் செயலி உள்ள சில சின்ன மடிக்கணினிகளில் செயலி 64-பிட், யூஇஎஃப்ஐ (பயாஸின் இடத்தில் வந்த ஃபர்ம்வேர்) மட்டும் 32-பிட். ஏஎம்டி64-க்கு மாறிவிட்டோமே என்று கிரப்-இஎஃப்ஐ-ஏஎம்டி64 போட்டால் கணினி எழாது. இவற்றுக்கு கிரப்-இஎஃப்ஐ-ஐஏ32 தான் வேண்டும், அதன் ஏஎம்டி64 பேக்கேஜே இருக்கிறது. உங்களுடையது எது என்று /சிஸ்/ஃபர்ம்வேர்/இஎஃப்ஐ/எஃப்டபிள்யூ_பிளாட்ஃபார்ம்_சைஸ் கோப்பைத் திறந்து பாருங்கள், 32 அல்லது 64 என்று இருக்கும். அந்தக் கோப்பே இல்லை என்றால் பெரும்பாலும் பயாஸ் முறையில் எழுந்திருக்கிறது.

வைன் மாதிரி 32-பிட் நிரல் எதுவும் வேண்டாம் என்றால் மிச்சமிருக்கும் ஐ386 பேக்கேஜ்களை பர்ஜ் செய்துவிட்டு (அமைப்புக் கோப்புகளோடு நீக்கிவிட்டு):

டிபிகேஜி --ரிமூவ்-ஆர்க்கிடெக்சர் ஐ386

ஒரே ஒரு ஐ386 பேக்கேஜ் ஒட்டிக்கொண்டிருந்தாலும் இது மறுக்கும். நீக்கிய பேக்கேஜின் அமைப்புக் கோப்பு மட்டும் மீந்திருந்தாலும் அப்படித்தான், டிபிகேஜி -எல் பட்டியலில் ஆர்சி என்று தொடங்கும் வரிகளைத் தேடுங்கள். போஸ்ட்கிரெஸ் டம்பைத் திரும்ப ஏற்றி, சேவைகள் எல்லாம் சில நாள் ஒழுங்காக ஓடுகின்றனவா என்று பார்த்த பிறகு டெபியன் 13-க்கான மேம்படுத்தலைத் தொடங்கலாம். அது வழக்கமான மேம்படுத்தல்தான். குளோன்சில்லா இமேஜை மட்டும் அதுவரை அழிக்காதீர்கள்.